குடும்ப டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு புளோக்குக்குக் கீழேயே கிளினிக், வரிசை சீக்கிரம் நகரும், கேட்டால் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்கும். சிங்கப்பூரில் நம்மில் பலர் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். சளி, காய்ச்சலுக்கு இது போதும். நீரிழிவு, ரத்தக் கொதிப்பு என்று காலம் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் போதாது.

அரசாங்கம் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற குடும்ப டாக்டர் திட்டத்தில் 40 வயது ஆனவர்கள் ஒரு கிளினிக்கில் பதிந்துகொள்ளலாம். அழைப்புக் குறுஞ்செய்தி வந்ததும் பட்டியலில் முதலில் தெரிவதைத் தட்டிவிடாதீர்கள். திட்டத்தின் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. டாக்டரை எடைபோட அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. உங்கள் சாப்பாடு, ஷிஃப்ட் வேலை, தூக்கம் பற்றி அவர் கேட்கிறாரா, கணினியையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா? இந்த மாத்திரை எதற்கு, சாப்பிடாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். எரிச்சல்படுகிறவர் வேண்டாம். கிளினிக்கைப் பின்னால் மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு.

எல்லாவற்றுக்கும் "சரி டாக்டர்" என்று தலையாட்டுவதுதான் நம்மவர்களின் பெரிய தவறு என்பேன். கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நோயாளி முடிவெடுக்கத் தேவையான தகவலை டாக்டர் தர வேண்டும் என்று 2022 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தமே சொல்கிறது. அப்புறம் என்ன தயக்கம்?

வயதான பெற்றோருடன் போகும் பிள்ளைகள் செய்வது வேறொன்று. டாக்டர் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்குவார்; மகன் "ஒண்ணுமில்லம்மா, மாத்திரை மாத்துறாங்க" என்று முடித்துவிடுவார். மாத்திரை சாப்பிடப்போவது அம்மா! தமிழ் பேசும் டாக்டரோ தாதியோ உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

நேரே சிறப்பு மருத்துவரிடம் ஓடுவதும் பலருக்கு வழக்கம். பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்), அரசாங்க மானியத் திட்டமான சாஸில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். ஆனால் டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தனியாரில் அறுவை சிகிச்சை என்றால், சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள கட்டண அளவுகோலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சிராங்கூன் ரோட்டில் வாங்கிய லேகியத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரே என்று பயப்பட வேண்டாம், டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.