கொடிமலையும் பாயான் லெப்பாசும் ஒரே உயரமா? ராஸ்டரைக் கோப்பாக எழுதுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பினாங்கு அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம், வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்து ஓட்டும் ஸ்பார்க்கில், இடத்தரவுக்கான அப்பாச்சி செடோனாவை வைத்து உயர வரைபடத்தை ராஸ்டராக (பிக்சலுக்கு ஓர் உயரம் என்ற கட்டமாக) எழுதச் சொன்னால், அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாம் எனக்குப் பழக்கமானவை. பாதையைத் தப்பாகக் கொடுப்பது, அனுமதி இல்லாத இடத்தில் எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுவோம், பிழைச்செய்தியே காட்டிக்கொடுத்துவிடும்.

டைல் டைலாக 0–255க்கு நீட்டுவது

பிஎன்ஜி படக் கோப்பில் எதிர்ம எண் போகாது. விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவோ குறியுள்ள 16 பிட், அதாவது எதிர்ம எண்ணும் வரும். தரவில்லாத இடத்துக்கு -32768. சரி, பார்க்கத்தானே என்று 8 பிட்டுக்கு மாற்றுகிறார்கள்: சிறுமம் 0, பெருமம் 255. முழுப் படமும் ஒரே கணினியில் இருந்தால் பரவாயில்லை. பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டரில், வேலையைச் செய்யும் ஒவ்வொரு எக்ஸிகியூட்டருக்கும் தன்னிடம் வந்த டைல், அதாவது படத்துண்டு, மட்டுமே தெரியும். பினாங்கின் கொடிமலை டைலில் 833 மீட்டர் 255 ஆகும். பாயான் லெப்பாஸ் கரையோரத்தில் பத்து மீட்டரைத் தாண்டாத டைல் ஒன்று அமைந்தால், அந்தப் பத்து மீட்டரும் 255. இரண்டும் ஒரே வெள்ளை. -32768ஐ விலக்காமல் விட்டால் இன்னும் மோசம்: கடல்மட்டம் முதல் மலையுச்சி வரை எல்லாம் 249க்கும் 255க்கும் நடுவில் நெருக்கிக்கொள்ளும்.

வெள்ள ஆய்வுக்காக ஒரு குழு எங்களுக்கு இப்படித்தான் பிஎன்ஜிகளை அனுப்பியது. ஒட்டிப் பார்த்தால் கட்டம் போட்ட கைலி. உயர எண்களும் இடவிவரமும் அப்படியே இருக்கும் மூல ஜியோடிஃப் கோப்பு எங்கே என்றால், இடத்தை அடைக்கிறதென்று அழித்துவிட்டார்களாம்! எந்த டைலுக்கு எந்தச் சிறுமம், பெருமம் என்று எழுதியும் வைக்கவில்லை. மீட்க வழியில்லாமல் முழு வேலையையும் மறுபடி ஓட்டி, கிளஸ்டர் வாடகையை இரண்டாம் முறை கட்டினோம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

முதல் சுற்றில், தரவில்லா மதிப்பை விலக்கிவிட்டு, மொத்தத் தொகுப்புக்கும் ஒரே சிறுமம், பெருமம் எடுங்கள். அப்புறம் அதையே எல்லா டைலுக்கும் கொடுங்கள். அப்படியும் 833 மீட்டரை 255 படிகளில் அடைத்தால் ஒரு படியே மூன்று மீட்டருக்கு மேல். வெள்ளக் கணக்குக்கு அது உதவாது. 16 பிட் ஜியோடிஃப்பையும் கூடவே எழுதி வையுங்கள்.

கலெக்ட்

எல்லா டைலையும் ஒரே கணினிக்குத் திரட்டும் இந்தக் கட்டளை வேண்டாம். எக்ஸிகியூட்டர்களே நேராக எழுதட்டும்.

கோப்புப் பெயர்

அட்டவணையில் பெயருக்கான பத்தி எது என்று சொல்லாவிட்டால் செடோனா ஒரு யூயூஐடியை, அதாவது பொருளில்லாத நீண்ட அடையாளக் குறியை, வைத்துவிடும். எது எந்த டைல் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். நீட்டிப்பைச் சொல்லாவிட்டால் பிஎன்ஜியும் டிஃப் என்ற பெயரில் போய் உட்காரும்.

ஆய முறை

பிஎன்ஜியோடு, படம் அமையும் இடத்தைச் சொல்லும் வேர்ல்டு ஃபைல் என்ற சிறு உரைக்கோப்பை வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அதன் ஆறு வரிகளில் பிக்சல் அளவு, சுழற்சி, மேல் இடது பிக்சலின் இடம் மட்டும்தான் இருக்கும். அந்த எண்கள் எந்த ஆய முறையில் (இடத்தை எண்ணால் குறிக்கும் முறையில்) உள்ளவை என்பது இருக்காது. உலகை நெடுக்கு மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் ஆய முறையில் பினாங்கும் கோலாலம்பூரும் 47ஆம் மண்டலம். 102 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருக்கும் ஜொகூர் பாரு 48. எண்களை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.