மீனாட்சி பேரை வெட்டுன கதை

அக்கா மகளுக்கு திருமங்கலத்துல காதுகுத்து, போர்டுல ஒட்ட மீனாட்சின்னு பேரை 300 ஜிஎஸ்எம் கெட்டி அட்டையில ஒரே துண்டா வெட்டித் தாடான்னு அக்கா சொல்லிருச்சு. இங்க்ஸ்கேப்னு ஒரு வரையுற சாஃப்ட்வேர்ல எழுத்தை ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வச்சு, கோட்டைப் பார்த்து கத்தியால வெட்டுற மெஷினுக்கு அனுப்புனேன், ஒட்டிக்கிட்டு இருந்த இடத்துலயெல்லாம் குறுக்க கோடு போட்டு வெட்டி துண்டு துண்டா வந்துருச்சு, ட் மேல இருந்த புள்ளி தனியா உருண்டு, அட்டையை ஒட்டி வைக்கிற பசை மேட்ல ஒட்டிக்கிட்டு கெடக்கு.

ஸ்கிரீன்ல சேர்ந்து தெரிஞ்சா போதாதுங்க, வியூ மெனுவுல டிஸ்ப்ளே மோடை அவுட்லைனுக்கு மாத்தி, வெறும் ஓரக்கோடா பார்த்தாத்தான் உள்ள ஓடுற கோடு தெரியும். அப்புறம் எழுத்தை கோடா மாத்துற ஆப்ஜெக்ட் டு பாத் போட்டு, அன்குரூப் பண்ணி தனித்தனியா பிரிச்சு, துணைக்காலை ன மேல லேசா ஏத்தி வச்சேன். புள்ளிக்கும் ட-வுக்கும் நடுவுல 2 மிமீ அகலத்துல சின்னக் கட்டம் வரைஞ்சு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி யூனியன் போட்டு ஒரே வடிவமா சேர்த்தேன். இங்கிலீஷ் ஐ மேல புள்ளிக்கும் இதே தலைவலிதான், நம்ம எழுத்துல கொஞ்சம் ஜாஸ்தி. மொதல்ல 1 மிமீ கட்டம் வச்சேன், உரிக்கும்போதே பிஞ்சுருச்சு.

மூணாவது அட்டையில முழுசா வந்துச்சு. புள்ளிக்கு எதுக்குடா கம்பு வச்சிருக்கன்னு அக்கா கேக்குது.