கட்டிக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ்: எந்தச் செல்லில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கட்டியிலிருந்து எடுத்த திசுவை அரைத்து பிசிஆர் (டிஎன்ஏவைப் பலமடங்காக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) போட்டதில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கிறது என்று ரிசல்ட் வந்தால், புற்றுநோய் செல்லில்தான் அது இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயது வந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடம்பில் இந்த ஹெர்பிஸ் வைரஸ் வாழ்நாள் முழுக்க இருக்கும், அதுவும் நோய் எதிர்ப்புக்கான பி செல்களில் பதுங்கியிருக்கும். அந்தச் செல்கள் கட்டிக்குள் போனால் வைரஸும் கூடவே போய்விடும்.

அது ஏன் பி செல்லைத் தேடிப் போகிறது? வைரஸின் உறையில் இருக்கும் ஜிபி350 புரதம் பி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி21 புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வைரஸின் இன்னொரு புரதமான ஜிபி42 போய் பி செல்லின் மேலிருக்கும் எச்எல்ஏ இரண்டாம் வகை மூலக்கூறோடு சேர்ந்தால்தான் வைரஸின் உறையும் செல்லின் சவ்வும் ஒன்றாகும். உள்ளே போன டிஎன்ஏ உட்கருவில் வட்டமாகி, பெரும்பாலான மரபணுக்கள் அடங்கிய நிலையில் அப்படியே தங்கிவிடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? திசுவை அரைக்காமல் மெல்லிய சீவலாக ஸ்லைடில் வைத்து ஈபர் சாயச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஈபர் என்பது வைரஸின் சின்ன ஆர்என்ஏ, பதுங்கியிருக்கும்போதும் ஒரு செல்லில் பத்து லட்சம் பிரதிகள் வரை இருக்கும் என்பதால் எளிதில் தப்பாது. ஆனால் திசுவில் ஆர்என்ஏ கெட்டிருந்தால் வைரஸ் இருந்தும் இல்லை என்றுதான் வரும், அதனால் ஆர்என்ஏ நன்றாக இருக்கிறதா என்று காட்டும் கன்ட்ரோல் ஸ்லைடை முதலில் பாருங்கள். தயவுசெய்து இதை மட்டும் தாண்டாதீர்கள்.

அடுத்து, சாயம் ஏறியது எந்த உட்கருவில் என்று பாருங்கள். மூக்குத் தொண்டைப் புற்றுநோயில் லிம்போசைட்டுகள் (பி செல், டி செல் போன்ற நோய் எதிர்ப்புச் செல்கள்) மொய்த்துக் கிடக்கும், ஆனால் நடுவே இருக்கும் பெரிய, வெளிறிய புற்று உட்கருக்கள்தான் ஈபர் சாயம் ஏறிக் கருநீலமாகும், சுற்றியிருக்கும் சிறியவை பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். இதற்கு நேர்மாறாக, புற்று செல்கள் வெறுமையாக இருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறிய உட்கருக்கள் மட்டும் கறுத்திருந்தால், அதே சீவலில் பி செல்லின் மேற்பரப்பு அடையாளப் புரதமான சிடி20-க்கும் சேர்த்துப் பழுப்பு நிறத்தில் இரட்டைச் சாயம் போடுங்கள். கருநீல உட்கருவைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அது பி செல். வளையம் இல்லையென்றால் டி செல்லுக்கான அடையாளப் புரதம் சிடி3-ஐயும் போட்டுப் பாருங்கள்.

வைரஸ் பெருகுகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் வைரஸ் பதுங்கலை விட்டுப் பெருகத் தொடங்கும்போது உருவாகும் பிஇசட்எல்எஃப்1 புரதத்தைத் தேடுங்கள், ஈபர் மட்டும் அதைச் சொல்லாது.

அறிக்கையில் வெறுமனே 'வைரஸ் பாசிட்டிவ்' என்று எழுதாமல், 'கட்டிக்குள் ஊடுருவிய பி செல்களில் மட்டும்' என்பதுபோல் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்.