டீன் ஏஜ் பிள்ளையின் முதுகு வலி: வீட்டில் என்ன பார்ப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது

பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளை "முதுகு வலிக்குது" என்றதும் வீட்டில் மூன்று பதில் தயாராக இருக்கும்: பை கனம், கூன் போட்டு உட்காருவது, செல்போன். பல பிள்ளைகளுக்கு அது வெறும் தசைவலிதான், சில வாரங்களில் தானாகப் போய்விடும். ஆனால் எலும்பில் விரிசல் விழுந்த பிள்ளையும் அதே பையைத்தான் சுமக்கிறது, அதே போனைத்தான் பார்க்கிறது. அதனால் காரணத்தை முடிவு செய்வதைத் தள்ளி வைத்துவிட்டு, வலி எந்த நேரத்தில் வருகிறது, எதனால் குறைகிறது என்பதை முதலில் பிடியுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

கால் பலமிழப்பது, நடை தடுமாறுவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, உட்காரும் இடம் மரத்துப் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. கடும் காய்ச்சலோடு முதுகை அசைக்க முடியாத வலி, விழுந்து அடிபட்ட பின் வந்த கடும் வலி ஆகியவையும் அப்படித்தான். வெளுத்துப் போன முகம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு, காரணமில்லாமல் எடை குறைவது என்றால் அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்து முழு ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அரிதாக, ரத்தப் புற்றுநோய் முதுகு வலியாகவே தொடங்குவதுண்டு.

பத்து நாள் நோட்டு

மேலே சொன்னது எதுவும் இல்லையென்றால் ஒரு பழைய நோட்டில் பத்து நாள் எழுதுங்கள். காலையில் எழுந்ததும் விறைப்பு இருந்ததா, எத்தனை நிமிஷத்தில் விட்டது. வலி பத்துக்கு எவ்வளவு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தான். இரவில் வலியால் விழிப்பு வந்ததா. மாலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் என்ன காட்டியது. மாத்திரை கொடுத்திருந்தால் பெயர், நேரம், பலன். பெண் பிள்ளை என்றால் மாதவிடாய் தேதி. முதல் நாளும் கடைசி நாளும் எடை. உயரத்தையும் சுவரில் குறித்து வையுங்கள். வேகமாக வளரும் காலத்தில்தான் இந்த வயதின் பல முதுகுப் பிரச்சினைகள் தலைகாட்டும்.

கூடவே பையையும் நிறுத்துப் பாருங்கள். பையோடு ஒரு முறை, பையில்லாமல் ஒரு முறை எடை மெஷினில் ஏறினால் போதும். 2020 பள்ளிப் பை கொள்கைப்படி பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 45 கிலோ பிள்ளைக்கு நாலரை கிலோ.

வீட்டிலேயே மூன்று சோதனை

"எங்கே வலி? ஒரே விரலால் காட்டு" என்று கேளுங்கள். உள்ளங்கையை விரித்து இடுப்பு முழுக்கத் தடவினால் தசையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில், அதுவும் நடு எலும்பின் மேலேயே விரல் வைத்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, குனிந்து பார்ப்பது. மேல்சட்டையைக் கழற்றி, பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல், கைகூப்பியபடி மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் ஒரு ஸ்டூலில், முதுகு கண் மட்டத்துக்கு வரும்படி உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்க விலா மட்டும் மேடாக எழும்பினால் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து முறுகியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த வயதில் சாதாரணமாக வரும் வளைவு கடுமையாக வலிக்காது. வளைவும் கடும் வலியும் சேர்ந்திருந்தால், வலிக்கு வேறு காரணம் தேடச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாய்வது. விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இடது காலில் நின்று சாயும்போது இடது இடுப்பில் 'சுருக்' என்று குத்தினால் எலும்பு விரிசல் சந்தேகம் எழும். குத்தாவிட்டால் விரிசல் இல்லை என்று அர்த்தமில்லை. வலித்ததும் நிறுத்திவிடுங்கள், நிச்சயப்படுத்த மறுபடி மறுபடி செய்து பார்க்கத் தேவையில்லை.

வலியின் நேரம் என்ன சொல்கிறது

விளையாடும்போது ஏறி, ஓய்வெடுத்தால் இறங்கும் வலி, அதுவும் வேகப்பந்து வீசும் பையனுக்கோ, ஜிம்னாஸ்டிக்ஸ், பின்வளையும் ஆசனம் என்று பயிற்சி எடுக்கும் பெண்ணுக்கோ என்றால், கீழ்முதுகு எலும்பின் பின்பக்க வளையத்தில் விரிசலைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி எலும்பான எல்5. வலது கைப் பந்துவீச்சாளருக்குப் பெரும்பாலும் இடது பக்கம் வலிக்கும். 2019இல் பும்ரா ஆட்டத்திலிருந்து விலகியதும் கீழ்முதுகு விரிசலால்தான். இதில் வழக்கமாக நடக்கும் தவறு: மூன்று வாரம் மாத்திரையில் வலி அடங்கியதும் பையன் மைதானத்துக்கு ஓடிவிடுவான். வலி போவதும் எலும்பு கூடுவதும் ஒன்றல்ல. பந்துவீச்சை மூன்று மாதம் போல நிறுத்தி, வயிறு, முதுகுத் தசைகளுக்கும் தொடைப் பின்தசைக்கும் பிசியோதெரபி செய்து, பிறகு ஓவர் ஓவராகத்தான் திரும்ப வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வலி ஒன்று உண்டு: ஓய்வில் ஏறும், நடமாடினால் குறையும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, பின்னிரவில் விழிப்பு, மாறி மாறிப் புட்ட வலி. குதிகால் வலி, முழங்கால் வீக்கம், கண் சிவந்து வலிப்பது இவற்றில் ஒன்று முன்பு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இது முதுகு, இடுப்பு மூட்டுகளில் வரும் அழற்சி வாதம். பார்க்க வேண்டியவர் மூட்டுவாத நிபுணர்.

மாலைக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு, ஓரிடத்தில் தொட்டாலே வலி என்றால் முதுகுத்தண்டு காசநோயை விலக்கியாக வேண்டும். இருமல் இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். இருமலே இல்லாமலும், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் இது வரும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், ஆனால் ஒரு வருஷம் போல விடாமல் சாப்பிட வேண்டும்.

இரவில் மட்டும் கடுமையாகி, ஐபுபுரூஃபன் போட்டால் சீக்கிரம் மாயமாகும் வலி எலும்பில் ஒரு சிறு கட்டியால் வரலாம். புற்றுநோயல்ல, குணப்படுத்தக் கூடியது. குனிந்தால், இருமினால் காலுக்கு மின்சாரம் போல இறங்கினால் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை, பிதுங்கி நரம்பை அழுத்தலாம். நெஃப்ராட்டிக் என்ற சிறுநீரக நோய் போன்றவற்றுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த பிள்ளை என்றால் எலும்பு நசுங்கியிருக்கலாம், எக்ஸ்ரேவைத் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டரிடம்

முதலில் குழந்தை நல மருத்துவர் அல்லது எலும்பு மருத்துவர். சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்து, குனிய, நிமிர வைத்து, படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்து, முழங்காலைத் தட்டிப் பார்த்தால்தான் அது பரிசோதனை. எதுவும் பார்க்காமல் ஸ்கேன் எழுதினால் "கொஞ்சம் பரிசோதனை செய்து பாருங்க டாக்டர்" என்று கேட்பதில் தப்பில்லை. பெண் பிள்ளையோடு தாயோ நர்ஸோ இருக்கட்டும். பையனாக இருந்தாலும் ஐந்து நிமிஷம் தனியாகப் பேச விடுங்கள். பைக்கில் விழுந்தது, ஜிம்மில் தூக்கியது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

டெஸ்ட் விஷயத்தில் விவரமாகக் கேளுங்கள். வளைவு சந்தேகம் என்றால் எக்ஸ்ரே நின்றபடி, முதுகுத்தண்டு முழுவதும் எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் வளைவு குறைவாகத் தெரியும். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அழற்சி வாதம் சந்தேகம் என்றால் இடுப்பெலும்பு மூட்டுக்கு, அதாவது எஸ்.ஐ. ஜாயின்ட்டுக்கு, தனியாக எம்.ஆர்.ஐ. எழுத வேண்டும். வெறும் எல்.எஸ். ஸ்பைன், அதாவது கீழ்முதுகு, ஸ்கேனில் அது விட்டுப்போகும். இந்த வாதத்துக்காகப் பார்க்கும் எச்.எல்.ஏ. பி27 என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றாலே நோய் என்று ஆகிவிடாது. ரிப்போர்ட்டில் 'லேசான டிஸ்க் பல்ஜ்' என்றிருந்தால் அதையே காரணம் என்று பிடித்துக்கொள்ள வேண்டாம், வலியே இல்லாத பிள்ளைகளிடமும் அது தெரியும். வைட்டமின் டி குறைவும் அப்படித்தான்: குறைந்திருந்தால் மருந்து கொடுக்கலாம், தேடலை அத்தோடு நிறுத்தக் கூடாது.

அதுவரை

படுக்க வைக்காதீர்கள். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு வலிக்காத அளவு நடமாட்டம் நல்லது. வெந்நீர் ஒத்தடம் 15 நிமிஷம். பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 40 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடாது. காரணம் தெரியும்வரை சுளுக்கு எடுப்பது, உலக்கை உருட்டுவது, முதுகில் ஏறி மிதிப்பது எல்லாம் ஓரங்கட்டப்படட்டும். விரிசலோ காசநோயோ உள்ள எலும்பின் மேல் ஏறி மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெல்ட்டும் டாக்டர் சொன்னால்தான்.

எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்று வந்தால் "நடிக்கிறான்" என்று முடிவு கட்டாதீர்கள். தூக்கக் குறைவும் பரீட்சை பயமும் வலியைக் கூட்டும், ஆனால் வலி நிஜம். பிசியோதெரபியைத் தொடர்ந்து, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் அதே நோட்டோடு அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை மடிக்காமல் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, புதுப் படத்தைப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.