எல்ஓடி-ஆர் வினாப்பட்டியலை ஹங்கேரிய மொழிக்குக் கொண்டுவருவது எப்படி?

நேர்மறை மனப்பான்மையை அளக்கும் எல்ஓடி-ஆர் வினாப்பட்டியலை ஷையர், கார்வர், பிரிட்ஜஸ் ஆகிய மூவர் 1994-இல் வெளியிட்டனர். அதிலுள்ள 10 கூற்றுகளில் 6-க்கு மட்டுமே மதிப்பெண் உண்டு; எஞ்சிய நான்கும் நோக்கத்தை மறைப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை.

முதலில், நல்ல மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். ஹங்கேரிய வடிவம் எவ்வளவு நம்பகமாக அளக்கிறது என்பது போன்ற அளவீட்டுப் பண்புகளை பேர்தி, கொத்தெலெஷ் என்ற ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்டுள்ளனர். ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நானும் என் ஹங்கேரியத் தோழியும் ஆய்வுமுறைப் பாடத்தின் பயிற்சிக்காகவே இதை அடியிலிருந்து செய்து பார்த்தோம்.

எங்களைப் போல் புதிதாகவே மொழிபெயர்ப்பதென்றால், ஹங்கேரியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கியபின், மூலத்தைப் பார்த்திராத வேறொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும்.

நாங்கள் இடறியது இங்கேதான். ‘எதிர்பார்க்கிறேன்’ என வரும் இடத்தில் எங்கள் முதல் வரைவில் ‘வார்’ என்ற வினை இருந்தது. ஹங்கேரியத்தில் அச்சொல் எதிர்பார்ப்பதையும் குறிக்கும், பேருந்துக்காகக் காத்து நிற்பதையும் குறிக்கும். திருப்பி மொழிபெயர்த்தவர் அதைச் சரியான ஆங்கிலச் சொல்லாகவே எழுதித் தந்ததால் குறை எதுவும் வெளியே தெரியவில்லை. பிறகு சிலரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு கூற்றையும் வாய்விட்டுப் படித்து மனத்தில் தோன்றுவதைச் சொல்லச் சொன்னபோது, ஒரு மூதாட்டி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “நான் எதற்காகக் காத்திருப்பதாகக் கேட்கிறீர்கள்?” என்றார். ‘எல்வார்’ என்று மாற்றினால் அது உரிமையோடு கேட்பதாகிவிடுகிறது. ‘ரெமேல்’ என்றாலோ நடக்கவேண்டும் என்ற ஆசையாகிவிடுகிறது. இந்த வினாப்பட்டியல் அளப்பது ஆசையை அன்று, நல்லது நடக்கும் என்ற கணிப்பையே. நல்லது நடக்க ஆசைப்படாதவர் யாருமில்லை என்பதால், அச்சொல்லை இட்டால் எல்லாருடைய மதிப்பெண்ணும் உயர்ந்துவிடும் என்று அஞ்சினோம். எண்ணுவதையும் கணக்கில் கொள்வதையும் குறிக்கும் ‘ஸாமீத்’ என்ற வினைதான் இறுதியில் பொருந்தியது. ஆகவே, திருப்பி மொழிபெயர்ப்பதைவிட வாய்விட்டுப் படிக்கவைக்கும் இந்தச் சோதனையையே நான் பெரிதும் நம்புகிறேன். காலம் குறைவாக இருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

கெட்டுப்போகக்கூடியது எனக்குக் கெட்டே போகும் என்ற பொருள்படும் கூற்றிலும் கவனம் தேவை. ‘எல்ரொம்லிக்’ என்ற வினையோடு அதை எழுதினால், மர்ஃபி விதி என்று ஹங்கேரியர் அறிந்த பழமொழியைப் போலவே ஒலிக்கிறது; படிப்பவர் தம்மைப் பற்றி யோசிக்காமல் பழமொழியை ஒப்புக்கொண்டுவிடுகிறார். ‘எனக்கு’ என்ற சொல்லை அழுத்தம் விழும் இடத்தில் வையுங்கள்.

விடைத்தாளில் 1 முதல் 5 வரை வெறும் எண்களை அச்சிட வேண்டாம். ஹங்கேரியப் பள்ளிகளில் 5 மிக உயர்ந்த மதிப்பெண், 1 தோல்வி. அந்தப் பழக்கம் கையை 5-இன் பக்கம் இழுக்கக்கூடும். முற்றிலும் மறுப்பதிலிருந்து முற்றிலும் உடன்படுவது வரையான ஐந்து நிலைகளையும் சொற்களாலேயே எழுதி, 0 முதல் 4 வரையான எண்களைக் கணக்கிடும்போது மட்டும் கொடுங்கள். எதிர்மறையான 3, 7, 9 ஆகிய கூற்றுகளுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாக்கி (0-ஐ 4 ஆகவும் 4-ஐ 0 ஆகவும்) கணக்கிட வேண்டும். மொத்தம் 0-க்கும் 24-க்கும் இடையில் வரும்.

கோப்புகளை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். இல்லாவிடில் இரட்டைச் சாய்கோடு தாங்கிய இரண்டு ஹங்கேரிய உயிரெழுத்துகள் உருமாறிவிடும். பகுப்பாய்வைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஜாஸ்ப் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள் போதும்; ஆர் என்ற நிரல்மொழி பழகியவர்களுக்கு அதிலுள்ள லவான் தொகுப்பைப் பரிந்துரைப்பேன். நேர்க்கூற்றுகளும் எதிர்க்கூற்றுகளும் ஒரே காரணியாக (விடைகளுக்குப் பின்னுள்ள ஒரே பண்பாக) சேர்கின்றனவா, இரண்டாகப் பிரிகின்றனவா என்பதை ஒரு காரணி, இரு காரணி என்ற இரண்டு கணித மாதிரிகளையும் விடைகளோடு பொருத்திப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: படிப்பவரை ‘தெ’ (நீ) என்று விளிப்பதா, மரியாதையாக ‘ஒன்’ (தாங்கள்) என்று விளிப்பதா என்று இருவர் கேட்டிருந்தனர். கூற்றுகள் எல்லாம் தன்மையில் அமைந்திருப்பதால் இந்தச் சிக்கல் முகப்பிலுள்ள வழிகாட்டும் வரிகளில் மட்டுமே எழும். முதியவர்களும் விடையளிப்பார்கள் என்றால் ‘ஒன்’ என்றே எழுதுங்கள். அதற்கேற்ப வினைமுற்றுகள் படர்க்கையில் வரவேண்டும். எங்கள் தாளில் ஒரு வினைமுற்று மாறாமல் நின்றுவிட்டதை முதலில் கண்டு சொன்னவரும் அந்த மூதாட்டிதான்.