'அருமை' என்று சொன்ன பிறகு எழுத்தாளருக்கு என்ன எழுதுவது?

ஹட்டனில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் எழுத்தாளர் அக்காவிடம் போய், "உங்க முதல் தொகுப்பு வாசிச்சேன்க்கா, ரொம்ப அருமையா இருந்திச்சு" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தக் கதை தங்கச்சி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. முழுதாக வாசித்திருந்தேன், ஒரு கதைக்கு அழுதுமிருந்தேன், ஆனால் தலைப்பு ஞாபகமில்லை, எந்த இடத்தில் அழுதேன் என்றும் சொல்லத் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் பேசப் போய்விட்டார். பொகவந்தலாவை பஸ்ஸில் நோர்வூட் தாண்டும்வரை அந்தக் கேள்வியே மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் எழுத்தாளர்களுக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதப் பழகினேன். பழகியதைத்தான் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் நம் மலையகத்தில், இலங்கையின் இந்தத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில், ஒருவர் கதைப்புத்தகம் போடுவது என்றால் பெரும்பாலும் சொந்தக் காசிலோ கடனிலோ 300, 500 பிரதி அடித்து, அதைத் தானே பையில் போட்டுக்கொண்டு பாடசாலை பாடசாலையாகவும் கூட்டம் கூட்டமாகவும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வெளியீட்டு மேடையில் நயவுரை சொன்னவர் பாராட்டியிருப்பார், முதற்பிரதி வாங்கியவர் கைகுலுக்கியிருப்பார். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்து வாசித்த நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது மட்டும் அவர் காதுக்குப் போய்ச் சேராது.

சரி, முதல் வேலை பென்சில். புத்தகத்தில் கோடு போடுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம், அதனால் கோடு வேண்டாம், ஒரு கொப்பித்தாளை இரண்டாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது எங்கே நின்றீர்களோ அந்தப் பக்க எண்ணையும் இரண்டு சொல்லையும் அதில் எழுதுங்கள், அவ்வளவுதான். நிற்பது என்றால் அழுகை மட்டும் இல்லை. திரும்ப ஒரு தடவை வாசித்த இடம், புரியாமல் போன இடம், "இது இப்படி நடக்காதே" என்று தோன்றிய இடம், கண்ணை மூடிக்கொண்டு தூங்கப்போன இடம், எல்லாம் நிற்பதுதான். '41, பீலிக்கரை சண்டை, சிரிப்பு' என்று எழுதினால் போதும் (பீலிக்கரை என்றால் லயத்துச் சனம் தண்ணீர் பிடிக்கிற இடம்). ஒரு வாரம் கழித்து அந்தத் தாளைப் பார்த்தால் முழுக் கதையும் திரும்பி வரும்.

அப்புறம் கடிதம். ஆரம்பத்தில் நான் எழுதியது இப்படி இருந்தது: 'உங்கள் நூல் மலையக மக்களின் வாழ்வியலை மிகச் சிறப்பாகப் பிரதிபலிக்கிறது, தங்கள் பணி தொடர வாழ்த்துகள்.' இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் இதை எந்தப் புத்தகத்துக்கும் அனுப்பலாம், புத்தகத்தைத் திறக்காமலும் அனுப்பலாம். இப்போது எழுதுவது இப்படி: '41ஆம் பக்கத்தில் பீலிக்கரையில் குடத்தை யார் முதலில் வைத்தது என்று சண்டை பிடிக்கிறார்கள் இல்லையா, அந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், எங்கள் லயத்திலும் ஒரு குடத்துக்காக இரண்டு குடும்பம் ஒரு வருசம் பேசாமல் இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள், எனக்கு அது சீக்கிரமாகத் தெரிந்தது.' இதை வாசிக்கிற எழுத்தாளருக்கு, யாரோ ஒருவர் உண்மையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார் என்பது தெரியும். நல்லது சொன்னாலும் குறை சொன்னாலும் பக்கத்தைச் சொல்லிச் சொல்லுங்கள். நீளம் தேவையில்லை, ஒரே இடத்தைப் பற்றி ஆறு வரி எழுதினாலும் அது நல்ல கடிதம்.

புத்தகம் பிடிக்கவில்லை, பாதியில் வைத்துவிட்டீர்கள் என்றால் அதையும் எழுதலாம். '72ஆம் பக்கத்தோடு நிறுத்தினேன், அதற்கு முன் மூன்று பக்கமாகத் தலைவர் மேடையில் பேசிக்கொண்டே இருக்கிறார்' என்று சொன்னால் அது திட்டு இல்லை, அவருக்கு வேறு யாரும் தராத தகவல்.

இனி, பிழை கண்டுபிடிக்கிற விசயம். மலையகத்து வாசகர்களிடம் அதிகம் வருவது இதுதான், அதில் நமக்கு ஒரு உரிமையும் இருக்கிறது, ஏனென்றால் வேலை தெரிந்தவர்கள் நாம்தான். ஒரு கதையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் அடுத்த கிழமையே பெண்கள் கூடையோடு நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தார்கள். வெட்டின செடி மொட்டையாக நிற்கும், துளிர்த்து வந்து கொழுந்து எடுக்கிற பதத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும், இதை எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளையும் சொல்லும். எனக்குக் கோபம் வந்தது, உடனே போனை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன். நல்ல வேளை, அனுப்பவில்லை. கோபத்தில் எழுதியதை ஒரு இரவு வைத்திருங்கள், காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு நேரத்துக்கு எழும்பி ஒரு தடவை வாசித்துவிட்டு அனுப்புங்கள். 'தோட்டம் தெரியாதவர் ஏன் எழுத வந்தீர்கள்' என்ற வரி காலையில் தானாக விழுந்துவிடும், கவ்வாத்து பற்றிய வரி நிற்கும். அந்த வரிதான் அவருக்குப் பயன்படும்.

பிழை என்று சொல்வதற்கு முன் இன்னும் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். ஒன்று, உங்கள் தோட்டத்து வழக்கம் எல்லாத் தோட்டத்து வழக்கமும் இல்லை. டிக்கோயாப் பக்கம் ஒரு சொல்லைச் சொல்கிற மாதிரி பதுளைப் பக்கம் சொல்ல மாட்டார்கள், மேட்டுத் தோட்டத்தில் ஒரு வேலை நடக்கிற காலம் வேறு, பள்ளத்தில் வேறு. வயதான ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். இன்னொன்று, கதை நடக்கிற காலம். கொழுந்தை ராத்தலில் நிறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தால் அது பிழை இல்லை, கிலோ வருவதற்கு முந்தைய காலத்துக் கதை அது. நம் எழுத்தாளர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் உண்டு, பத்திரிகையில் கதை வந்து எத்தனையோ வருசம் கழித்துத்தான் அது புத்தகமாகும். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுப்பாக வந்தது 1980இல், அதற்குள் இருக்கிற கதைகளில் பல அதற்கு வெகுகாலம் முன்பே பத்திரிகையில் வந்தவை. புத்தகத்தின் முன்பக்கத்தில் இருக்கும் ஆண்டை வைத்துச் சம்பளக் கணக்குப் போட்டு 'இது தப்பு' என்று எழுதினால் தப்பு நம்முடையதாகிவிடும்.

எழுதியவர் யார் என்கிற கேள்வியைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். ஒரு புத்தகம் கையில் வந்தால் முதலில் "இவர் எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்போம். எழுதுகிறவர்களே அதைப் பெயரில் வைத்துக்கொள்கிறார்கள், தெளிவத்தை ஜோசப், மாத்தளை சோமு, மல்லியப்புசந்தி திலகர் என்று. ஊர்ப்பெயரைப் பார்த்ததும் நம் ஆள் என்று ஒரு சந்தோசம் வரும், அது நல்ல சந்தோசம், எனக்கும் வரும். ஆனால் அந்தச் சந்தோசத்தில் சுமாரான கதையையும் தலையில் வைத்துக்கொள்கிறோம், வெளியில் இருந்து ஒருவர் கவனமாகக் கேட்டு எழுதிய நல்ல கதையை 'லயத்தில் படுத்திருக்கிறாரா' என்று தள்ளிவிடுகிறோம். இரண்டுமே வாசிப்பு இல்லை.

எழுத்தாளரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டால் கேள்வி கூர்மையாகும். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களைப் பற்றிய கவிதைகளை ஆங்கிலத்தில் எழுதினார். "கொழுந்து எடுக்கிறவளுக்கு விளங்காத பாஷையில் எழுதி யாருக்கு?" என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அவர் 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர், அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவருக்கு வாக்குப் போட்ட சனங்களை நாடற்றவர்களாக்கியது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தத் தம்பி கேள்வியை விடவில்லை, 'யாருடைய காதில் விழ வேண்டும் என்று இதை எழுதியிருப்பார்?' என்று மாற்றிக்கொண்டான். வாழ்க்கையை இப்படிப் பயன்படுத்தலாம்.

பயன்படுத்தக் கூடாத விதமும் இருக்கிறது. கதையில் வருகிற 'நான்' எழுத்தாளர்தான் என்று முடிவுகட்டி எழுதாதீர்கள். குறிப்பாகப் பெண்கள் எழுதினால், கதையில் புருசன் அடித்தால் 'உங்கள் வீட்டுக்காரர் அப்படியா' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், இதை எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதில் ஒருவர் அதற்குப் பிறகு எழுதுவதையே குறைத்துக்கொண்டார். அதே மாதிரி, கதையில் வருகிற கணக்கப்பிள்ளை உங்கள் டிவிசன் கணக்கப்பிள்ளை மாதிரியே இருக்கிறார் என்று தெரிந்தால் அதைப் பேஸ்புக்கில் பெயரோடு போடாதீர்கள். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எழுதியவரும் அதே பாதையில்தான் நடந்து போக வேண்டும்.

எங்கே அனுப்புவது? புத்தகத்தின் முதல் சில பக்கங்களில் பதிப்பு விபரம் இருக்கும், நம் ஊர்ப் புத்தகங்களில் பெரும்பாலும் முகவரி, சில சமயம் தொலைபேசி எண்ணும் போட்டிருப்பார்கள். தபாலில் போடுங்கள், அல்லது வட்ஸ்அப்பில் முதலில் இன்னார் என்று சொல்லி 'உங்கள் புத்தகம் பற்றி எழுதலாமா' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். தமிழில் தட்டச்சு வராவிட்டால் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பலாம். எழுத்துப்பிழை பற்றிக் கவலைப்பட வேண்டாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'ர'வா 'ற'வா என்ற பயத்திலேயே எழுதாமல் விட்டவர்கள் என் லயத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

பாராட்டு என்றால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுங்கள், அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் புத்தகம் வாங்குவார்கள். கவ்வாத்து மாதிரிப் பிழை என்றால் முதலில் அவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஆனால் ஒரு புத்தகம் சனங்களைக் கேவலமாகப் பேசினால், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், தோட்டத்துப் பேச்சைக் கேலிக்காகவே வைத்திருந்தால், அதை வெளியில்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அப்போதும் அந்த வரியை முழுதாக, பக்க எண்ணோடு போடுங்கள், பாதியை வெட்டிப் போடாதீர்கள்.

வெளியீட்டுக்குப் போனால் கேள்வியை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஒரு நிமிசத்துக்குள் கேட்டுவிட்டு உட்காருங்கள். நம் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் ஏற்புரைக்கு நேரம் போய்விடும், கடைசி பஸ்ஸும் போய்விடும். முடிந்தால் ஒரு பிரதி வாங்குங்கள். அச்சில் கிடைக்காத பழைய புத்தகங்களைத் தேடினால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பாருங்கள், ஈழத்து, மலையகத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாக வாசிக்கலாம். புதிதாக வந்த புத்தகத்தைப் படம் எடுத்துக் குழுவில் சுற்றவிடுவது மட்டும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, வாசிக்கத் தெரியாதவர்களின் கருத்தையும் எழுதி அனுப்புங்கள். ஹட்டன் அக்காவின் தொகுப்பை இரண்டாவது தடவை வாசித்தபோது எங்கள் பாட்டி, அம்மாயிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பிள்ளை பெற்றுச் சில மாதத்தில் மலைக்குத் திரும்புகிற ஒருத்தியின் கதை அது, நான் அழுததும் அதற்குத்தான். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறாள், அந்தியில் கொழுந்து நிறுத்து முடிந்து திரும்பி வருகிறாள். லயத்து முன்திண்ணையில், இஸ்தோப்பில், கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாயி, "நடுவுல பால் குடுக்க எத்தன மணிக்கு வந்தா? அதச் சொல்லவே இல்லையே" என்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கடிதத்தில் என்னுடைய ஆறு வரிக்குக் கீழே அம்மாயியின் கேள்வியை அவர் சொன்ன மாதிரியே எழுதி அனுப்பினேன்.

இரண்டு மாதம் பதில் வரவில்லை. அதற்குள் மனம் விட்டுவிடாதீர்கள், அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். பிறகு ஒரு நாள் தபாலில் வந்தது, முக்கால்வாசியும் அம்மாயிக்குத்தான். தனக்கு அது விட்டுப்போய்விட்டது என்றும், தூரத்து மலையில் கொழுந்து எடுக்கிற அன்றைக்கு வர முடியாமல் போய் மார் கட்டிக்கொண்டால் அந்தக் காலத்தில் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. "இடுப்புல கட்டுன படங்க அவுத்துட்டுக் குந்தி, தேயிலைத் தூருல பீச்சி விட்டுட்டு வருவோம்னு எழுது" என்றார். அடுத்த நாளே எழுதித் தபாலில் போட்டேன்.