அறுபதைத் தாண்டியவர்கள் காட்டில் படுக்கை போடுவது எப்படி

முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்குவதில் எனக்கு இன்னும் சிரமமில்லை. ராத்திரி படுத்து எழுந்தால்தான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாலைந்து பயணம் அவதிப்பட்ட பிறகு ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன். கூடாரம் அடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே படுக்கைக்கு வருகிறேன்.

முதலில் இடம். கூடாரத்தைப் பிரிக்கும் முன் வெறுந்தரையில் ஒரு நிமிஷம் படுத்துப் பாருங்கள். நின்று பார்த்தால் சமமாகத் தெரிகிற தரை, படுத்தால்தான் சரிவைக் காட்டும். லேசான சரிவு என்றால் தலையை மேட்டுப் பக்கம் வையுங்கள். பக்கவாட்டில் சரிந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அடுத்து மெத்தை. ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் 8 செ.மீ. தடிமனாவது உள்ள காற்று மெத்தை வேண்டும். அகலம் 63 செ.மீ. இருக்கட்டும், வழக்கமான 51 செ.மீ.யில் கை தரையில் கிடக்கும். மெத்தையில் ஆர்-வேல்யூ என்று ஓர் எண் இருக்கும். உடம்புச் சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. குளிர்கிற இடத்துக்கு 4-க்குக் குறைந்து நான் வாங்கமாட்டேன். அடியில் ஒரு மெல்லிய ஃபோம் பாயும் போடுவேன். இரண்டின் எண்ணும் கூடும்: 4-உம் 2-உம் 6. நடுராத்திரி மெத்தை பஞ்சரானாலும் பாய் இருக்கும்.

இனி நான் சறுக்கிய இடம். மெத்தையை மத்தளம் மாதிரி விறைப்பாக ஊதிவிட்டு, ‘இவ்வளவு காசு கொடுத்தும் தோள் மரத்துப்போகிறதே’ என்று மெத்தையையே திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. முழுக்க ஊதிய பிறகு, வழக்கமாகப் படுக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். படுத்தபடியே வால்வைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்து காற்றை விடுங்கள். இடுப்பெலும்பு தரையைத் தொடும்போது மூடிவிட்டு, எழுந்து இரண்டு மூன்று ஊது கூட்டுங்கள். திரும்பவும் படுத்து, இடுப்புக்கு நேர் கீழே மெத்தைக்கும் தரைக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பாருங்கள். எலும்பு அழுத்தாமல் விரல் நுழைந்தால் சரி. இதைத் தூங்கப்போகும் நேரத்தில் செய்யுங்கள். சாயங்காலம் ஊதிய காற்று குளிர்ந்ததும் மெத்தை தானாகவே தளரும். நான் அதை ஓட்டை என்று நினைத்து ஒருமுறை பாதி ராத்திரி தேடியிருக்கிறேன்.

தூங்குபையில் ‘கம்ஃபர்ட்’ (இதுவரை சுகமாகத் தூங்கலாம்), ‘லிமிட்’ (இதுவரை குளிரைச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்) என்று இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள். நம் வயதுக்கு முதலாவதை மட்டும் பாருங்கள். எனக்குப் பையைவிட குவில்ட்தான் (முதுகுப் பக்கம் திறந்த, போர்வை மாதிரியானது) பிடிக்கும், முழங்காலை மடக்க இடம் கிடைக்கும். மாற்றுத்துணியை ஒரு சின்னத் துணிப்பையில் திணித்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்தால் இடுப்புக்கு இன்னும் சுகம்.

பின்சேர்க்கை: மடக்குக் கட்டில் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். எழுந்து உட்கார அது சுலபம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் சுமை, அடியில் குளிர்காற்று ஓடுவதால் மெத்தையும் தனியே வேண்டும். தரையிலிருந்து எழ நான் செய்வது: ஒருபக்கமாகப் புரண்டு, மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றி, நடைக்கோலைப் பிடித்து எழுவேன். கோலைக் கூடார வாசலிலேயே, டார்ச்சுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். ராத்திரி இரண்டு முறை வெளியே போகவேண்டியிருக்கிறதே!